இளம் வார்ம்பிளட் குதிரையை விற்பது எப்படி: முதன்முறை விற்பவருக்கு ஒரு வழிகாட்டி

மூன்று வயது வார்ம்பிளட், அதாவது குதிரையேற்றப் போட்டிகளுக்காக ஐரோப்பாவில் உருவாக்கிய இனவகைக் குதிரை. அப்பன் பேர்போன பொலிகுதிரை, தாய்வழியில் சர்வதேசப் போட்டிகளுக்குப் போன குதிரைகள். இப்படி ஒன்று லாயத்தில் நின்றால் வாங்க ஆட்கள் வரிசை கட்டுவார்கள் என்றுதான் முதன்முறை விற்பவர் நினைப்பார். விசாரிக்க வருவார்கள், அதில் சந்தேகமில்லை. வீடியோ கேட்பார்கள், எக்ஸ்ரே கேட்பார்கள், தாய்க்குதிரையின் மற்ற குட்டிகள் என்ன செய்கின்றன என்று கேட்பார்கள். அதற்குப் பிறகு பலரிடமிருந்து பேச்சே இருக்காது.

பத்து வயதுப் போட்டிக் குதிரைக்கு அதன் போட்டி முடிவுகளே சாட்சி. இளங்குதிரைக்கு அந்தச் சாட்சி இன்னும் பிறக்கவில்லை. ஆகவே வாங்குபவர், நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றையும் தானே சரிபார்க்க வழி இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் பேரம் தொடங்கும். இல்லாவிட்டால் உங்கள் சொல்லுக்கு எந்த விலையும் இல்லை. விற்பனைக்கான தயாரிப்பு முழுவதும் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

எந்த வயதில் விற்பது

வார்ம்பிளட் குட்டியை விற்க நல்ல காலமும் உண்டு, கெட்ட காலமும் உண்டு. தாயோடு நிற்கும் குட்டி, பால் மறக்கடிக்கும் ஆறு மாதம் வரை நன்றாக விலை போகும்; அழகும் அசைவும் அப்போதே தெரியும், எக்ஸ்ரேயைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசமாட்டார்கள். ஒரு வயதிலிருந்து இரண்டரை வயது வரை மிக மோசமான காலம். பின்புறம் உயர்ந்து முன்புறம் தாழ்ந்து, கழுத்து ஒல்லியாகி, எந்தப் படம் எடுத்தாலும் கழுதை போலத் தெரியும். அந்த நேரத்தில் பணத்துக்கு அவசரப்பட்டு விற்பவர்தான் அதிகம் இழக்கிறார்.

இரண்டரை வயதில், இலையுதிர் காலத்தில், ஆண் குட்டிகளுக்கான பொலிகுதிரைத் தேர்வுகள் நடக்கும். அதற்குத் தகுதியானது என்று இனப்பதிவேட்டை நடத்தும் இனச்சங்கத்தின் ஆய்வாளர் நேரில் பார்த்துச் சொன்னால் மட்டும் காத்திருங்கள். இல்லையென்றால் காயடித்துவிடுங்கள். தேர்வில் நிற்காத ஆண் குதிரையைச் சமாளிக்கச் சாதாரணச் சவாரிக்காரருக்கு இடமும் இருக்காது, பொறுமையும் இருக்காது. காயடித்தால் மதிப்புக் குறையும் என்பது பழைய பயம்: 2012 லண்டன், 2016 ரியோ என இரண்டு ஒலிம்பிக்கிலும் தனிநபர் டிரெஸ்ஸாஜ் (சவாரிக்காரரின் சைகைக்கு ஏற்ப நடைகளைக் காட்டும் போட்டி) தங்கம் வாங்கித் தந்த வலேக்ரோ காயடித்த குதிரைதான். காயடித்த பிறகு குறைந்தது ஒரு மாதமாவது பெண் குதிரைகளோடு விடாதீர்கள். கரு தரிக்க வைக்கும் சக்தி உடனே போய்விடாது. பழைய குணம் அடங்க இன்னும் நாளாகும்.

புதிதாக விற்பவருக்கு நாங்கள் சொல்வது மூன்றரை வயது. சேணம் ஏற்றி இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். நடை, டிராட் (மிதமான ஓட்டம்), கேண்டர் (அதைவிட வேகமான, பாய்ந்து செல்லும் ஓட்டம்) மூன்றையும் ஆள் ஏறிய நிலையில் காட்டலாம். நான்கு வயதில் இளங்குதிரைப் போட்டி ஒன்றில் மதிப்பெண் வாங்கியிருந்தால் இன்னும் நல்லது. ஐந்தைத் தாண்டினால் கேள்வியே மாறிவிடும். உலக அளவிலான இளங்குதிரை சாம்பியன்ஷிப்கள் 5, 6, 7 வயதுக் குதிரைகளுக்குத்தான், அந்த வயதில் ஒரு போட்டிக்கும் போகாத குதிரை என்றால் "இதுவரை ஏன் போகவில்லை, காலில் ஏதாவது உண்டா?" என்று கேட்காத ஆள் கிடையாது.

காகிதங்கள்

விளம்பரம் போடும் முன், குதிரையின் அடையாளப் புத்தகமான பாஸ்போர்ட்டையும் குதிரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மைக்ரோசிப் இடது கழுத்தில், பிடரிக்குக் கீழே இருக்கும். எண் 15 இலக்கம். ஸ்கேனரை வைத்து அதைப் படித்து பாஸ்போர்ட்டில் உள்ள எண்ணோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். யுஇஎல்என் எனப்படும் உலகளாவிய ஆயுள் எண் வேறு. அதுவும் 15 இடம் கொண்டது. முதல் மூன்று இலக்கம் நாட்டைக் காட்டும். 276 என்றால் ஜெர்மனி, 528 என்றால் நெதர்லாந்து. இரண்டையும் குழப்பி விளம்பரத்தில் போடுபவர்கள் நிறைய. சிப் எண்ணில் தவறு இருப்பது வாங்குபவரின் மருத்துவர் வந்து ஸ்கேன் செய்யும் அன்று தெரிந்தால் வியாபாரம் அன்றோடு முடிந்தது. குதிரையில் ஒரு கோளாறும் இருக்காது, எழுத்துப் பிழை மட்டும்தான் இருக்கும், ஆனாலும் போய்விடும்.

பாஸ்போர்ட் என்பது உரிமைப் பத்திரம் அல்ல. ஜெர்மனியில் உரிமைச் சான்று தனி ஆவணம். இரண்டும் சேர்ந்து கைமாற வேண்டும். வளர்த்தவரிடமிருந்து நீங்கள் வாங்கியிருந்தால், அவர் பெயரிலேயே நிற்கும் பதிவை முதலில் உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டு விற்க வாருங்கள்.

தடுப்பூசிப் பக்கத்தில் இன்ஃப்ளுயன்சா ஊசித் தேதிகளைப் பாருங்கள். சர்வதேச குதிரையேற்றக் கூட்டமைப்பின் போட்டிகளுக்குப் போகும் குதிரைக்குக் கடைசி ஊசி ஆறு மாதம் 21 நாளுக்குள் போட்டிருக்க வேண்டும். ஊசி நீண்ட நாள் விட்டுப்போயிருந்தால் தொடரை மறுபடி முதலிலிருந்து போட வேண்டிவரும். அது வாங்குபவரின் முதல் போட்டியைத் தள்ளிப்போடும். அந்த எரிச்சல் விலையில் தெரியும்.

பெண் குதிரையென்றால், அல்லது இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் ஆண் குதிரையென்றால், மரபணுப் பரிசோதனை ஒன்று கட்டாயம்: டபிள்யூஎஃப்எஃப்எஸ் (வார்ம்பிளட் ஃபிராஜைல் ஃபோல் சிண்ட்ரோம்). இது பிஎல்ஓடி1 என்ற மரபணுவில் வரும் குறை. குறையுள்ள பிரதி ஒன்று மட்டும் உள்ள குதிரை முழு ஆரோக்கியமாக இருக்கும், எந்தப் போட்டிக்கும் போகும். ஆனால் இரண்டு பக்கமும் அந்தப் பிரதி இருந்து இணை சேர்த்தால் நான்கில் ஒரு வாய்ப்பு, தோல் கிழிந்துபோகும் பிழைக்காத குட்டி. வேரோடு பிடுங்கிய பிடரி மயிர் இருபது முப்பது போதும். வெட்டிய மயிர் உதவாது, மாதிரி வேரில்தான் இருக்கிறது. முடிவு "சுமப்பது" என்று வந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள். சவாரிக்கு வாங்குபவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பின்னால் தெரியவந்தால் மட்டுமே பிரச்சினை.

வம்சாவளியை எழுதும் முறை

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பதை வார்ம்பிளட் உலகம் எழுத்துக்கு எழுத்து நம்புகிறது. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: அப்பன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டு, தாயைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திவிடுவார்கள். டானர்ஹால், சாண்ட்ரோ ஹிட், சாக்கோ-புளூ, கார்னெட் ஓபோலென்ஸ்கி போன்ற பெயர்கள் மதிப்பானவைதான். ஆனால் உறைந்த விந்து வந்த பிறகு புகழ்பெற்ற ஒரு பொலிகுதிரைக்குப் பிள்ளைகள் எண்ணிலடங்கா. அப்பன் பெயர் உங்கள் குதிரையைப் பக்கத்து லாயத்துக் குதிரையிலிருந்து பிரித்துக் காட்டாது. தாய் காட்டுவாள்; அவளுக்குக் குட்டிகள் சில மட்டுமே, அவை ஒவ்வொன்றும் என்ன ஆனது என்று தேடிப் பார்க்க முடியும்.

ஜெர்மனியின் ஹோல்ஸ்டைன் இனப்பதிவேடு தாய்வழிகளுக்கு எண் கொடுத்தே வைத்திருக்கிறது. 776 என்று ஓர் எண்ணைச் சொன்னால் போதும், விவரம் தெரிந்தவர் தலையாட்டுவார். கஸ்ஸினி என்ற பேர்போன பொலிகுதிரை வந்த வழி அது. டச்சுப் பதிவேட்டில் ஸ்டெர், கேயர், எலிட், ப்ரெஃபெரெண்ட் என்று பட்டங்கள், ஹனோவரில் ஸ்டாட்ஸ்ப்ரேமியே. இந்தப் பட்டங்கள் தாய்க்கு இருந்தால் முதல் வரியிலேயே போடுங்கள். இவை உங்கள் புகழ்ச்சி அல்ல, ஒரு தேர்வுக்குழு நேரில் பார்த்துக் கொடுத்தவை.

எழுதும்போது எல்லை ஒன்று வையுங்கள்: மூன்றாவது தாய்க்கு, அதாவது தாயின் பாட்டிக்கு, மேல் போகாதீர்கள். கொள்ளுப்பாட்டிக்கு அக்கா பேரன் ஒலிம்பிக் போனான் என்பது உங்கள் குதிரைக்கு ஒன்றும் செய்யாது. வாங்க வருபவருக்குச் சிரிப்புதான் வரும். போட்டி மட்டத்தைப் பெயரோடு, எண்ணோடு எழுதுங்கள். மோசமான வரி இப்படி இருக்கும்: "மிகச்சிறந்த விளையாட்டுக் குடும்பம், ஏராளமான சர்வதேச வெற்றிகள்." நல்ல வரி இப்படி: "தாய் 1.40 மீட்டர் வரை தாண்டியது. தாயின் இதே அப்பனுக்குப் பிறந்த முந்தைய குட்டி இப்போது 1.45 மீட்டரில் ஓடுகிறது. பாட்டிக்கு ஒன்பது குட்டி, அதில் நான்கு போட்டியில்." ஒன்பதில் நான்கு என்று சொல்வது பலவீனம் போலத் தோன்றும். மீதி ஐந்தையும் மறைக்கவில்லை என்பதுதான் அங்கே படிப்பவருக்குப் போய்ச் சேரும் செய்தி.

எக்ஸ்ரே

விற்பனை முறிவது பெரும்பாலும் இங்கேதான். ஆகவே விளம்பரத்துக்கு முன்பே எடுத்துவிடுங்கள், வாங்குபவர் கேட்டபின் அல்ல.

இளம் வார்ம்பிளட்டில் முதலில் தேடுவது ஓசிடி, அதாவது வளரும்போது குருத்தெலும்பு சரியாக எலும்பாகாமல் மூட்டுக்குள் சில்லாகத் தங்குவது. மூன்று இடத்தில் அதிகம் வரும். பின்காலின் ஹாக் மூட்டில், கால் எலும்பின் அடிமுனையில் இருக்கும் நடு விளிம்பில். பின்காலின் முட்டியான ஸ்டைஃபிள் மூட்டில், தொடை எலும்பின் வெளி விளிம்பில். குளம்புக்கு மேலுள்ள ஃபெட்லாக் மூட்டில், நடு விளிம்பில். ஒரு வயதுக்குள் சில தானாகவே ஆறிவிடும். அதன்பின் இருப்பது பொதுவாக அப்படியே நிற்கும்.

ஹாக்கில் சிறிய சில்லு இருக்கிறது, மூட்டு வீங்கவில்லை, குதிரை நொண்டவில்லை என்று வையுங்கள். மருத்துவ ரீதியாக அது பெரிய விஷயமாக இல்லாமல் போகலாம். ஆனால் விற்பனையில் அது பெரிய விஷயம். வாங்குபவர் இன்னொருவருக்கு மறுபடி விற்க வேண்டியிருக்கும், அந்த இன்னொருவரின் மருத்துவரும் அதே சில்லைப் பார்ப்பார். ஆர்த்ராஸ்கோபி முறையில் (சிறு துளை வழியாகச் செய்யும் மூட்டு அறுவை) எடுத்துவிட்டு, ஓய்வு கொடுத்து, மறுபடி எக்ஸ்ரே எடுத்து, அறுவை அறிக்கையோடு விற்பது பெரும்பாலும் லாபம். ஸ்டைஃபிளில் பெரிய குறை என்றால் கணக்கு வேறு. அங்கே மூட்டின் சுமை தாங்கும் பரப்பு பெரியது, பின்விளைவும் பெரியது. அதற்கு ஏற்ப விலையை இறக்குங்கள், அல்லது இலகுவான சவாரிக்கு என்று சொல்லியே விற்றுவிடுங்கள்.

ஜெர்மன் முறையில் பொதுவாக 18 படங்கள். அதற்கு மேல் கழுத்தும் முதுகும் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள்: கழுத்தின் ஆறாவது, ஏழாவது எலும்பின் அமைப்பையும், முதுகெலும்பின் மேல்முனைகள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா என்பதையும் பார்க்க. இவற்றைக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். முன்பு எக்ஸ்ரேவுக்கு ஒன்று முதல் நான்கு வரை வகுப்பு போடுவார்கள். 2018 ஜெர்மன் வழிகாட்டி அதை எடுத்துவிட்டது. இப்போது ஒவ்வொரு கண்டுபிடிப்பும் தனித்தனியாக எழுதப்படுகிறது, ஆபத்துக் குறிப்போடு. ஆனாலும் "வகுப்பு இரண்டு" என்று விளம்பரத்தில் இன்னும் எழுதுகிறார்கள். பழக்கதோஷம். நீங்கள் எழுதாதீர்கள், எந்த வருடத்து அளவுகோல் என்ற வீண் சண்டைதான் வரும்.

படங்களை மருத்துவப் படங்களுக்கான டைகாம் கோப்பாக, சிப் எண்ணும் தேதியும் உள்ளே பதிந்த நிலையில், மருத்துவரிடமிருந்து வாங்கி வையுங்கள். திரையை ஃபோனில் படம் பிடித்து அனுப்பினால் பார்க்கும் மருத்துவருக்கு எதுவும் தெரியாது, சந்தேகம் மட்டும் வரும். ஆறு மாதத்துக்கு மேல் பழைய படத்தை யாரும் ஏற்பதில்லை. விற்பனை இழுத்தால் மறுபடி எடுக்க வேண்டும்.

படமும் வீடியோவும்

பக்கவாட்டுப் படம் ஒன்று, நன்றாக எடுத்தது, மற்ற பத்துப் படத்துக்குச் சமம். பிடரி பின்னி மறுபக்கம் விழவேண்டும், கேமரா இடப்பக்கம். குதிரை "திறந்த" நிலையில் நிற்க வேண்டும்: கேமராவுக்கு அருகிலுள்ள முன்கால் சற்று முன்னே, அருகிலுள்ள பின்கால் சற்றுப் பின்னே, தூரத்துக் கால்கள் இரண்டும் நடுவில், நான்கு காலும் தனித்தனியாகத் தெரியும். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்கட்டும். மேட்டில் முன்கால் வைத்து நிறுத்தும் தந்திரம் எல்லோருக்கும் தெரிந்துபோனது. கேமராவைக் குதிரையின் முதுகுக்கும் முழங்கைக்கும் நடுவான உயரத்தில் பிடியுங்கள், பத்து மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். அருகில் நின்று ஃபோனின் அகன்ற லென்ஸில் எடுத்தால் தலை பெருத்து, பின்புறம் சுருங்கும். நின்றுகொண்டு கண் உயரத்தில் எடுத்தால் கால் குட்டையாகும். உதவிக்கு ஒருவர் காதை முன்னே நிமிர்த்தட்டும். பிளாஸ்டிக் பையைச் சரசரவென ஆட்டுவது போதும், ஆனால் கேமராவுக்குப் பின்னால் நின்று.

வீடியோ இரண்டு மூன்று நிமிடம். ஃபோனைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். இசை வேண்டாம், மெதுவோட்டம் வேண்டாம், துண்டு துண்டாக வெட்டவும் வேண்டாம். வெட்டுமிடத்தில் எதை மறைக்கிறார்கள் என்றுதான் பார்ப்பவர் யோசிப்பார். முதலில் நடை, கயிற்றை நீளவிட்டு ஒரு பக்கத்திலிருந்து குறைந்தது இருபது காலடி தொடர்ச்சியாக. டிராட்டைப் பயிற்சியால் ஓரளவு மேம்படுத்தலாம். நடையை அவ்வளவாக முடியாது. ஆகவே வாங்குபவர் அங்கேதான் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். நான்கு தாளம் தெளிவாகக் கேட்கிறதா, பின்குளம்பு முன்குளம்பின் தடத்தைத் தாண்டி விழுகிறதா, ஒரே பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்து நகர்கின்றனவா. கடைசியில் சொன்னது ஒட்டக நடை. டிரெஸ்ஸாஜுக்கு அது பெரிய குறை. மறைக்கப் பார்க்காதீர்கள், நேரில் பத்து வினாடியில் தெரிந்துவிடும்.

பிறகு டிராட், கேண்டர், இடமும் வலமும் இரண்டு பக்கமாகவும் சுற்றவிட்டு. ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால் மறுபக்கம் சிக்கல் என்றே முடிவுசெய்வார்கள்.

தாண்டும் குதிரைக்கு ஆளில்லாத தாண்டல் வீடியோ. வரிசை இப்படி: தரையில் ஒரு கழி, அதிலிருந்து சுமார் 3 மீட்டரில் சிறிய குறுக்குத் தடை, அங்கிருந்து 6.8 முதல் 7 மீட்டரில் நேர்த்தடை, அதிலிருந்து 7 முதல் 7.4 மீட்டரில் அகலத்தடை. தொடக்கத்தில் தூரத்தைக் குட்டையாக வையுங்கள். உயரம் ஏற ஏற அகலத்தடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுங்கள். மூன்று வயதுக்கு அகலத்தடை 1.10 முதல் 1.20 மீட்டர் போதும். உயர்த்திக்கொண்டே போனால் ஒரு தடவை நின்றுவிடும், நின்றது பழகிவிடும். பார்ப்பவர் உயரத்தைப் பார்க்கவில்லை. முன்கால் முட்டி எவ்வளவு மேலே மடங்குகிறது, முதுகு வில்லாக வளைகிறதா, ஒருமுறை கழியைத் தட்டியபின் அடுத்த முறை என்ன செய்கிறது என்பதைத்தான் பார்க்கிறார். கழியைத் தட்டிய அந்தத் தாண்டலையும் வீடியோவில் விடுங்கள், அடுத்தது நன்றாக இருந்தால்.

விலை

வளர்க்க ஆன செலவு வேறு, விலை வேறு. தீவனம், லாயம், லாடம், விந்துக்கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி மேலே லாபம் வைத்துக் கேட்பது, விற்காமல் நிற்கும் குதிரைக்கு நேர்வழி. வாங்குபவருக்கு உங்கள் செலவைப் பற்றிக் கவலையில்லை. சந்தை எதற்கு விலை கொடுக்கிறது என்று பார்க்க, இதே வயது, இதே பயிற்சி நிலை, ஒத்த தாய்வழி உள்ள ஐந்தாறு குதிரைகளின் கேட்கும் விலையை எடுங்கள். அதைவிட நம்பகமானது இனச்சங்க ஏலங்களின் முடிவு விலை, ஏனெனில் அது நடந்தது. ஹனோவர் சங்கம் வெர்டனில் 1949 முதல் ஏலம் நடத்துகிறது. ஏலத்தில் உச்சிக்குப் போன ஒன்றிரண்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். நடுவில் நிற்கும் குதிரைகள்தான் உங்கள் குதிரையின் உறவினர்கள்.

பேரத்துக்காகச் சற்றுக் கூட்டிச் சொல்லலாம், ஆனால் கொஞ்சம்தான். இரண்டு மடங்கு கேட்டு மூன்று மாதத்தில் பாதியாக இறக்கினால், முதலில் பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லோரும் குறை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று நினைப்பார்கள். தரகர் வழியாக விற்றால் கமிஷன் எத்தனை சதவீதம், யார் கொடுப்பது என்பதை முதல் நாளிலேயே எழுத்தில் வாங்குங்கள். இரண்டு பக்கமும் வாங்கும் தரகர் உண்டு. அது அவரவர் விருப்பம், ஆனால் இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். பயிற்சியாளருக்கு என்று வாங்குபவருக்குத் தெரியாமல் விலையில் தொகை ஏற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது வெளியே வந்தால் சட்டப்படி உங்களையும் இழுக்கும்.

பார்க்க வரும் நாள்

குதிரையை முன்கூட்டியே ஓட்டி ஓயவைத்து வைக்காதீர்கள். வேர்வை காய்ந்த தடம், சூடான உடம்பு, களைத்த நடை மூன்றையும் அனுபவசாலி வாசலிலேயே கவனித்துவிடுவார். லாயத்தில் நிற்கும் குதிரையை அவர் முன்னாலேயே பிடித்து, தேய்த்து, குளம்பு தூக்கி, சேணம் கட்டுங்கள். இளங்குதிரை எப்படிப் பழகியிருக்கிறது என்பதை இந்த இருபது நிமிடம் சொல்லும். குளம்பை வெட்டி ஒரு வாரம் ஆகியிருக்கட்டும். அன்று காலை வெட்டினால் சில குதிரைகளுக்குக் கால் கூசும், டிராட்டில் தெரியும்.

முதலில் உங்கள் ஆள் ஏறிக் காட்டட்டும், பிறகு அவர். மூன்று வயதுக் குதிரைக்கு மொத்தமாக அரை மணியைத் தாண்டாதீர்கள். களைத்த குதிரை குளறும். அவர் மனதில் தங்குவது அந்தக் கடைசி நிமிடம்தான். இளங்குதிரை ஏறிப் பழகாத ஒருவர் ஏற வந்தால் "வேண்டாம்" என்று சொல்லத் தயங்காதீர்கள். கனத்த கை ஐந்து நிமிடத்தில் வாயைக் கெடுத்துவிடும்; அவர் வாங்கப்போவதும் இல்லை. ஹெல்மெட் கட்டாயம். விபத்துப் பொறுப்பு பற்றிய தாளில் ஏறும் முன் கையெழுத்து வாங்குங்கள்.

மருத்துவப் பரிசோதனையும் பணமும்

வாங்குபவரின் மருத்துவர் உங்கள் வழக்கமான மருத்துவராக இருக்கக்கூடாது. நீங்களே வேறொருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள், நம்பிக்கை கூடும். பிரிட்டனில் ஐந்து கட்டப் பரிசோதனை வழக்கம்: நிற்கும் நிலையில் முழு உடல், கையில் பிடித்து நடையும் டிராட்டும், உழைக்கவிட்டுப் பார்த்தல், ஓய்வு, மறுபடி டிராட். அப்போது எடுத்த ரத்தத்தை ஆறு மாதம் வரை வைத்திருப்பார்கள். வலி மருந்து கொடுத்துக் காட்டியதாகச் சந்தேகம் வந்தால் அந்தக் குப்பியைத் திறப்பார்கள். அது உங்களுக்கும் பாதுகாப்பு.

மூட்டை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்து ஓடவிடும் சோதனையில் இளங்குதிரை சில அடிகள் விந்துவது புதிதல்ல. பதறாதீர்கள். ஆனால் அந்தச் சோதனையை விற்பனைக்கு முன் உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை செய்துபார்த்திருந்தால், அன்று திடுக்கிட வேண்டியிருக்காது.

வெளிநாட்டுக்கு விற்றால் தேவை கூடும். அமெரிக்காவுக்குப் போகும் குதிரைக்கு பைரோபிளாஸ்மோசிஸ் (உண்ணி பரப்பும் ரத்த ஒட்டுண்ணி நோய்) உள்ளிட்ட ரத்தப் பரிசோதனைகள் எதிர்மறையாக வரவேண்டும். விமானம் பிடிக்கும் முன்பே மாதிரி எடுத்துப் பாருங்கள். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து போகும், 731 நாள் வயதைத் தாண்டிய பெண் குதிரைக்கும் காயடிக்காத ஆணுக்கும், இணைசேரும்போது பரவும் சிஇஎம் என்ற கருப்பை நோய்க்கான கூடுதல் தனிமைப்படுத்தல் உண்டு, செலவும் அதிகம். காயடித்ததற்கு அது கிடையாது. காயடிக்க இன்னொரு காரணம்.

முன்பணம் வாங்கினால் மூன்று விஷயம் தாளில் இருக்கட்டும்: எத்தனை நாளுக்குக் குதிரையை வேறு யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பீர்கள், மருத்துவப் பரிசோதனையில் என்ன வந்தால் பணம் திரும்பும், அவர் மனம் மாறினால் என்ன ஆகும். "பரிசோதனை சரியில்லாவிட்டால்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அது தகராறுக்கு விதை; எது சரியில்லை என்பதைத் தீர்மானிப்பது யார் என்று எழுதுங்கள்.

ஒப்பந்தத்தில் குதிரையின் பெயர், சிப் எண், தெரிந்த குறைகள் அனைத்தும், எக்ஸ்ரே தேதி, ஒப்படைத்த நேரம் ஆகியவை. தெரிந்த குறையை எழுதினால் அது வாங்குபவர் அறிந்து ஏற்றதாகிவிடும். எழுதாவிட்டால் நீங்கள் மறைத்ததாகிவிடும். குதிரை விற்பனையே தொழிலாக உள்ளவர் தனிநபருக்கு விற்றால் சட்டம் இன்னும் கடுமை. ஜெர்மனியில் முதல் ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, ஒப்படைக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை விற்றவருடையது.

விலையைவிடக் கூடுதலாகக் காசோலை அனுப்பி, "மிச்சத்தை என் வண்டிக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள்" என்பவர் குதிரையைப் பார்க்கவே வரமாட்டார். காசோலை சில வாரம் கழித்துத் திரும்பும். நீங்கள் வண்டிக்காரருக்கு அனுப்பியது திரும்பாது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான். பணம் கணக்கில் முழுமையாக வந்து சேர்ந்துவிட்டதென வங்கி உறுதிசெய்யும் வரை குதிரையும் பாஸ்போர்ட்டும் உரிமைச் சான்றும் உங்களிடமே இருக்கட்டும்.

ஒப்படைப்பு

பத்து நாளுக்கான தீவனத்தைச் சாக்கில் கட்டிக் கொடுங்கள். தீவனத்தை ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுவலி வரும். பழையதும் புதியதும் கலந்து ஏழு முதல் பத்து நாளில் மாற்றச் சொல்லுங்கள். வைக்கோல் எந்த வகை, எத்தனை கிலோ, எத்தனை வேளை என்றும் எழுதிவையுங்கள்.

நீண்ட பயணத்தில் தலையை உயரக் கட்டிவைப்பது நுரையீரலுக்கு ஆபத்து. தலையைத் தாழ்த்த முடியாத குதிரையின் மூச்சுக்குழாயில் சளியும் கிருமியும் தேங்கும். நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, தண்ணீர் காட்டி, தலையைத் தாழவிட வேண்டும் என்று ஓட்டுநரிடம் நேரில் சொல்லுங்கள். இறங்கியபின் மூன்று நாள் காலையும் மாலையும் வெப்பம் பார்க்கச் சொல்லுங்கள், 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அன்றே மருத்துவர்.

கடைசி லாடத் தேதி, கடைசிப் பூச்சி மருந்து எது, எப்போது, பல் பார்த்த தேதி, எந்தக் கடிவாளம் பழகியது, எதற்கு மிரளும் என எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட் உறைக்குள் வையுங்கள். உரிமை மாற்றத்தைப் பாஸ்போர்ட் வழங்கிய சங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டியது வாங்குபவர். ஆனாலும் விற்ற தேதியை நீங்களும் எழுத்தில் அனுப்பிவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து அந்தக் குதிரை எங்கோ வேலி தாண்டி ஓடிப்போனால் முதல் அழைப்பு பதிவில் இருக்கும் பெயருக்குத்தான் வரும்.